வீட்டுப் பலகார வியாபாரத்துக்கு சிங்கப்பூரில் யார் கடன் கொடுப்பார்கள்?

ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து இட்லி மாவும் முறுக்கு, அதிரசம் போன்ற பலகாரங்களும் விற்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. மாதம் ஏறக்குறைய 2,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வியாபாரம் ஆகிறது. பக்கத்து புளோக் காப்பிக்கடையில் ஒரு ஸ்டால் காலியாகப் போகிறது, வாடகை 3,500 வெள்ளி. முன்பணம், சாமான், சீரமைப்பு எல்லாம் சேர்த்து 40,000 வெள்ளி வேண்டும். இரண்டு வங்கிகளில் கேட்டார், விண்ணப்பம் அளவுக்கே போகவில்லை. தெரிந்தவர் ஒருவர் வட்டிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இந்த ஊரில் கடன் கொடுக்க யாருமே இல்லையா?" என்று கேட்கிறார்.

இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை வைத்து 40,000 வெள்ளி யாரும் தரமாட்டார்கள். தெரிந்தவர் தந்தாலும் நீங்கள் வாங்கக் கூடாது. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். லிட்டில் இந்தியாவிலும் உட்லண்ட்ஸ் பக்கமும் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் வியாபாரம் இருந்தது. அது நடப்பதற்கான சான்றுதான் இல்லை. சிங்கப்பூரில் கடனுக்குப் பணம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அது எழுத்தில் பதிவான வியாபாரத்தைத் தேடித்தான் வரும்.

வங்கி ஏன் மறுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10,000 வெள்ளிக் கடனைப் பரிசீலிக்கும் வேலையும் 200,000 வெள்ளிக் கடனைப் பரிசீலிக்கும் வேலையும் வங்கிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே அதிகாரி, அதே ஆவணங்கள், அதே சரிபார்ப்பு. கிடைக்கும் வட்டியோ இருபதில் ஒரு பங்கு. அதனால் சின்னத் தொகை கேட்பவர், காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலே ஒழிய, உள்ளே போகவே முடிவதில்லை.

இன்னொரு காரணம் வீடு. ஊரில் என்றால் வீட்டுப் பத்திரத்தையோ நிலத்தையோ ஈடாக வைத்துக் கடை போடுவார்கள். இங்கே நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது வீவக வீட்டில். அந்த வீட்டை ஈடு வைத்து வியாபாரத்துக்குப் பணம் எடுக்க முடியாது. தனியார் வீடு வைத்திருப்பவருக்கு அந்த வழி இருக்கிறது. ஆகவே இருவரும் ஒரே திறமையோடு ஒரே கடையைத் தொடங்கினாலும் புறப்படும் இடம் வேறு. அதே சமயம் இதில் ஒரு நன்மையும் உண்டு. வியாபாரம் நொடித்து, கடன்காரராகி, திவால் வரைக்கும் போனாலும், சிங்கப்பூரர் ஒருவர் பெயர் உரிமையாளராக இருக்கும் வீவக வீட்டையும் மசேநிதியையும் (மத்திய சேமநிதி) கடன் கொடுத்தவர்களால் தொட முடியாது. ஈடாக வைக்க முடியாத அந்த வீடுதான் குடும்பத்துக்குக் கடைசிப் பாதுகாப்பு. அதனால் இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன்.

சரி, வீடு இல்லையென்றால் வங்கி எதைப் பார்க்கும்? தொழில் அக்ராவில், அதாவது அரசாங்கத்தின் நிறுவனப் பதிவு ஆணையத்தில், பதிவாகியிருக்கிறதா, எவ்வளவு காலமாக நடக்கிறது, கடந்த சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஒன்றிரண்டு ஆண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை, அப்புறம் உங்கள் சொந்தக் கடன் வரலாறு. கடன் அட்டைக்குத் தாமதமாகக் கட்டியது, வங்கிக் கடன் தவணையைக் கட்டாமல் விட்டது எல்லாம் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் அறிக்கையில் 1000 முதல் 2000 வரையிலான ஒரு மதிப்பெண்ணாக நிற்கும். வங்கி அதைப் பார்ப்பதற்கு முன் நீங்களே சிறு கட்டணம் செலுத்தி வாங்கிப் பார்க்கலாம். பார்க்க வேண்டும்.

ஒரு பூக்கடைக் கணக்கைச் சொல்கிறேன். கேம்பல் லேன் பக்கம் மாலை கட்டி விற்பவர். அவர் வைத்திருந்தது பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று. இடப்பக்கம் அன்றைக்கு வந்த மல்லி எத்தனை கிலோ, சாமந்தி எத்தனை, ரோஜா எத்தனை. வலப்பக்கம் விற்ற பணம். வெள்ளிக்கிழமைகளில் தொகை இரண்டு மடங்காகியிருந்தது, தைப்பூச வாரத்தில் வலப்பக்கம் நிரம்பி ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தார். மழை பெய்த நாளுக்குக்கூடச் சிறு குறி. இவ்வளவு ஒழுங்கான வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவர் வங்கிக் கணக்கைத் திறந்தால் மாதம் சில நூறு வெள்ளிதான் தெரிந்தது. காலையில் வந்த ரொக்கத்தில் பூ வாங்கினார், மதியம் வந்த ரொக்கத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார், மிச்சம் வீட்டுச் செலவு. வங்கியைப் பொறுத்தவரை அப்படி ஒரு கடையே இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை எந்தக் கடன் அதிகாரியும் ஆவணமாக ஏற்கமாட்டார். பேநவ் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) வரவை ஏற்பார், தினமும் ரொக்கத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் அதையும் ஏற்பார்.

உங்கள் நிலைமையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாவு வாங்குபவர்கள் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் செய்கிறார்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தோடும் மளிகைச் செலவோடும் கலந்து போய்விடுகிறது. இதைப் பிரியுங்கள். தொழிலை உங்கள் முழுப் பெயரிலேயே நடத்தினால் அக்ராவில் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கடன் கேட்கப் போகும்போது பதிவு எண் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. தனிநபர் தொழிலாக ஓராண்டுக்குப் பதியப் பெயர்க் கட்டணத்தோடு 115 வெள்ளி. அந்த எண்ணை வைத்துத் தொழிலுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு, அதற்கொரு கியூஆர் குறியீடு. இனி எல்லா வரவும் அங்கே, மாவரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாச் செலவும் அங்கிருந்து.

அடுத்தது வரி. இங்கேதான் நம்மவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். "வருமானத்தைக் காட்டினால் வரி வந்துவிடும்" என்று பயந்து காட்டாமலே இருந்துவிடுகிறார்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 2,500 வெள்ளி விற்பனையில் செலவு போக 1,200 மிஞ்சுகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 14,400. சிங்கப்பூரில் வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். ஆண்டு நிகர லாபம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசேநிதியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவில் கட்ட வேண்டிவரும், உண்மைதான். ஆனால் அது உங்கள் பெயரில், உங்கள் மருத்துவச் செலவுக்காக நிற்கும் பணம். வராத வரிக்குப் பயந்து வருமானத்தை மறைப்பவர், கடன் வாங்கும் தகுதியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார். மதிப்பீட்டு அறிக்கையில் ஆண்டு வருமானம் 14,400 என்று அச்சிட்டு வந்துவிட்டால் அதுவே உங்களுக்குப் பேசும்.

இனி அரசாங்கத் திட்டங்கள். "கவர்மெண்ட் கடன் தருதாமே" என்று பலரும் கேட்பது அரசாங்க அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன நிதியளிப்புத் திட்டம். அதில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நடப்பு மூலதனக் கடன் 500,000 வெள்ளி வரை, ஐந்து ஆண்டு வரை தவணை. தொழில் இங்கே பதிவாகி இங்கேயே இயங்க வேண்டும், குறைந்தது 30 விழுக்காட்டு உரிமை சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்க வேண்டும். அரசாங்கம் இதில் உங்களுக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. பணம் வங்கியுடையது, முடிவும் வங்கியுடையது. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு வரும் நட்டத்தில் பாதியை அரசாங்கம் ஏற்கும், ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட புதிய நிறுவனமாக இருந்தால் 70 விழுக்காடு. வங்கிக்குத் துணிச்சல் தருவதுதான் ஏற்பாடு. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, பாதியை அரசாங்கம் கட்டிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் தலையில் இருக்கும் கடன் 100 விழுக்காடும் உங்களுடையதே. கடைசி வெள்ளி வரைக்கும் வங்கி கேட்கும்.

"பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை" என்பதும் இப்படித்தான். சட்டப்படி நிறுவனத்தின் கடன் வேறு, உங்கள் கடன் வேறு. ஆனால் சின்ன நிறுவனத்துக்குக் கடன் தரும்போது வங்கி இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்கும். கையெழுத்துப் போட்ட கணத்தில் அந்தச் சுவர் போய்விடுகிறது. கணவரையும் உத்தரவாதத்துக்குக் கூப்பிட்டால் யோசியுங்கள். வீட்டில் ஒரு சம்பளமாவது கடைக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும்.

மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உற்பத்தித்திறன் தீர்வு மானியம் கல்லாப்பெட்டி மென்பொருள், சில சாதனங்கள் போன்றவற்றுக்குச் செலவில் பாதி வரை தரும். விண்ணப்பிப்பதற்கு முன்பே விற்பனையாளரிடம் ஒப்பந்தம் போட்டாலோ முன்பணம் கட்டினாலோ தகுதி போய்விடும். முதலில் நீங்கள் கட்டி, பிறகுதான் திரும்பப் பெறுவீர்கள், ஆகவே கையில் காசில்லாதவருக்கு இது உடனடி உதவி ஆகாது. உங்களுக்கு இப்போது இது தேவையும் இல்லை.

இப்போது அந்த ஸ்டாலுக்கு வருவோம். 40,000 வெள்ளியை ஆண்டுக்கு 8 விழுக்காடு குறையும் வட்டியில் (மீதி அசலுக்கு மட்டும் போடும் வட்டி) ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 811 வெள்ளி. வாடகை 3,500. மாவு அரைக்கும் முன்னே மாதம் 4,300 வெள்ளி போயாக வேண்டும். உங்கள் இப்போதைய மொத்த விற்பனையே 2,500. தண்ணீர், மின்சாரம், உதவிக்கு ஒரு ஆள், சரக்கு எல்லாம் சேர்த்தால், என் கணக்கில் தினமும் குறைந்தது 400 வெள்ளிக்காவது விற்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் முடியும் என்பதற்கு உங்களிடம் இன்னும் ஆதாரம் இல்லை. வங்கி மறுத்தது இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது.

வட்டியைக் கேட்கும்போது "ஃபிளாட்டா, குறையும் வட்டியா" என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம். ஃபிளாட் என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. 30,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு ஃபிளாட் என்றால் ஐந்து ஆண்டில் 6,000 வெள்ளி வட்டி, மாதம் 600. கேட்க இனிமையாக இருக்கும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 7.4 விழுக்காட்டுக்குப் பக்கம் வரும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது உண்மை வட்டியையே கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

தீபாவளிக்கு முன் இரண்டு மாதச் சரக்குக்கு 5,000 வெள்ளி தேவை என்ற மாதிரிச் சின்ன, குறுகிய காலத் தேவைக்கு வேறு வழி இருக்கிறது. நகையை அடகு வைப்பதை நம் வீடுகளில் ஏதோ தோல்வி மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே உரிமம் பெற்ற அடகுக்கடையில் வட்டி மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது, முதல் மாதம் வழக்கமாக 1 விழுக்காடு. 5,000 வெள்ளியை ஆறு மாதம் வைத்திருந்தால் வட்டி சுமார் 425 வெள்ளி. அதே 5,000 வெள்ளியை உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் ஆறு மாதத் தவணையில் எடுத்தால், சட்டம் அனுமதிக்கும் உச்சமான மாதம் 4 விழுக்காட்டு வட்டி 720 வெள்ளியைத் தாண்டும். அதோடு 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம், அதாவது இன்னொரு 500. ஒரே தொகை, ஒரே ஆறு மாதம், செலவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விற்று வரும் பணத்தில் மீட்டுவிடலாம் என்ற திடமான கணக்கு இருக்கும் சரக்குக்கு மட்டும் நகையை வையுங்கள். முன்பணத்துக்கும் டைல்ஸ் ஒட்டுவதற்கும் வைக்க வேண்டாம், அந்தப் பணம் ஆறு மாதத்தில் திரும்பாது.

அந்த "தெரிந்தவர்" விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உறவுக்குள் கைமாற்றாக, வட்டியில்லாமல், எழுதிக் கொடுத்து வாங்குவது வேறு. வட்டிக்குப் பணம் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும், அதைச் சட்ட அமைச்சின் பட்டியலில் பார்த்துவிடலாம். பெயர் அங்கே இல்லையென்றால் அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஆலோங்தான், சட்டவிரோத வட்டிக்காரர்தான். வாட்ஸ்அப்பில், குறுந்தகவலில் கடன் தருவதாக வருவது எல்லாமே விலக்க வேண்டியது, உரிமம் பெற்றவர்கள் அப்படி விளம்பரம் செய்யவே அனுமதி இல்லை. சீட்டும் அப்படித்தான். 1971ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சீட்டு நிதிக்குத் தனிச் சட்டம் உண்டு, உரிமமின்றிச் சீட்டுத் தொழில் நடத்த முடியாது. தோழிகளுக்குள் பிடிக்கும் சீட்டில் ஒருவர் ஓடிவிட்டால் புகார் கொடுக்கவும் தயங்குவீர்கள். கடை முதலை அதில் வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. 5,000, 10,000 வெள்ளி கேட்கும் நேர்மையான சின்ன வியாபாரிக்கு இந்த ஊரில் ஒரு வெற்றிடம் உண்டு. ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் நகரத்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், நீளமான கூடத்தின் தரையில், ஆளுக்கொரு சிறு மேசையும் பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். இரவில் அங்கேயே படுத்தும் கொண்டார்கள். ஐரோப்பிய வங்கிகள் உள்ளே விடாத சீனக் கடைக்காரரும் சிறு தோட்டக்காரரும் அவர்களிடம் போனார்கள். வட்டி குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் கடன் கொடுப்பவருக்குக் கடன் வாங்குபவரின் கடை, பழக்கம், நாணயம் எல்லாம் தெரிந்திருந்தது. 1970களின் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. பிற்பாடு வந்த வங்கி முறையில் மதிப்பெண் இருக்கிறது, ஆளைத் தெரிந்தவர் இல்லை.

மற்ற நாடுகள் இதற்கு வேறு வேறு வழி கண்டன. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் சமூக மறுமுதலீட்டுச் சட்டம், வைப்புத்தொகை திரட்டும் வட்டாரத்தின் ஏழைப் பகுதிகளுக்கும் கடன் கொடுப்பதை வங்கிகளின் கடமையாக்கியது. 1994இல் அத்தகைய வட்டாரங்களில் கடன் தரும் சிறு நிதி நிறுவனங்களுக்கு முதல் கொடுக்கத் தனி நிதியமும் வந்தது. சிங்கப்பூர் வங்கியைக் கட்டாயப்படுத்துவதில்லை, நட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறது. நடுத்தர அளவு நிறுவனத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது. வீட்டுச் சமையலறையில் தொடங்குபவர் வரைக்கும் இறங்கி வருவதில்லை.

இங்கே நம் சமூகம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991இலிருந்து கல்விக்கும் குடும்பங்களுக்கும் செய்துவருவது பெரிய காரியம். கோயில்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் தருகின்றன. அதே மனதோடு, அதிகபட்சம் 10,000 வெள்ளி, வட்டியில்லை, ஒவ்வொரு கடனுக்கும் கடை நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் துணை என்று ஒரு சிறு நிதி ஏன் இருக்கக் கூடாது? பணத்தைவிட அந்தத் துணை முக்கியம். மாதம் ஒருமுறை கடைக்கு வந்து கணக்கைப் பார்த்து, "இந்த மாதம் எண்ணெய்க்கு அதிகம் கொடுத்திருக்கிறாய் அம்மா" என்று சொல்ல ஒருவர். அப்படி ஒரு வருடம் ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவரை வங்கியும் திரும்பிப் பார்க்கும்.

அது வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது. இந்த மாதமே பதிவும் தனிக் கணக்கும். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் சிறிய, நடுத்தர நிறுவன ஆலோசகர்களிடம் நேரம் வாங்கிப் போய்ப் பேசுங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அடுத்த ஏப்ரல் 18க்குள் மின்னியல் வருமான வரிப் படிவத்தில் உண்மையான லாபத்தைக் காட்டுங்கள். வீட்டுத் தொழிலுக்கான வீவக விதிகளுக்குள்ளேயே இருங்கள். வெளியாள் வைத்து வேலை வாங்கவோ கேட்டரிங் எடுக்கவோ அதில் இடமில்லை, ஆகவே வீட்டிலிருந்து வளர ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தொடும்போது காப்பிக்கடை ஸ்டாலை விடத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உணவங்காடிக் கடைக்கு ஏலம் கேட்பதைப் பாருங்கள். 2012இலிருந்து குறைந்தபட்ச ஏலத்தொகை இல்லை, கூட்டம் குறைந்த நிலையங்களில் மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. தேக்கா போன்ற கூட்டம் நிறைந்த இடத்தில் அந்த ஆசை வேண்டாம். முதல் மூன்று ஆண்டுக்குப் பிறகு வாடகை சந்தை மதிப்பீட்டுக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். புதியவர்களுக்காக அடிப்படைச் சாதனங்கள் பொருத்திய, வாடகைக் கழிவுள்ள பயிற்சிக் கடைகளும் அங்கே உண்டு. 40,000 வெள்ளி செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை அங்கே தெரிந்துகொள்ளலாம்.

காலியாகும் அந்த ஸ்டாலை விட்டுவிட மனமில்லை என்றால், ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை இரண்டிலும் காலை ஆறிலிருந்து பத்து வரை அங்கே உட்கார்ந்து எத்தனை பேர் பசியாற வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இப்போது நடத்துபவரிடம் ஏன் விடுகிறார் என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள்.